காலிலிருந்து வரைகிறவள்

தாட்சாயணி வரைவதற்கு ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் வருகிற கோலம்தான் தொல்லை. "நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் வந்து உக்காரு, உன்ன வரையணும்" என்று யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும். மறுநாள் தலைக்குக் குளித்து, முகத்தில் பவுடர் அப்பி, கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். டிராக்டர் ஓட்டுகிற சீனு மச்சானுடைய கூலிங் கிளாஸைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். மாடு வைத்திருக்கிற பத்மாவதி தன் நகை போதாதென்று தங்கச்சி நகையையும் போட்டுக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்துவிடும், கை இரண்டும் முட்டிமேல் ஒட்டிக்கொள்ளும், கண் இமைக்காது. "கொஞ்சம் அசையலாம்" என்று தாட்சாயணி கெஞ்சினால் இன்னும் விறைத்துப்போவார்கள். ஆதார் கார்டுக்குப் படம் எடுத்தபோதுகூட அவர்கள் இத்தனை கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் அவள் யாரையும் உட்காரச் சொல்வதை விட்டுவிட்டாள். அவளே ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போக ஆரம்பித்தாள். பால் சொசைட்டி வரிசை, பஸ் ஸ்டாப், நாற்று நடுகிற வயல், ரேஷன் வண்டி வந்து நிற்கிற முனை. கையில் வேலை இருக்கிறவரை மனுஷருக்கு உடம்பு ஞாபகம் வராது. உடம்பு ஞாபகம் வராதபோதுதான் அது அழகாக இருக்கும். இது அவள் பத்து வருஷம் பென்சில் சீவிக் கண்டுபிடித்த உண்மை. இதை எந்தக் கல்லூரியிலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவள் எந்தக் கல்லூரிக்கும் போகவுமில்லை.

நாற்பத்தொரு வயது. நகரியில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். பிறந்த வீடு நாராயணவனம் பக்கம், புகுந்த வீடு விஜயபுரம் மண்டலத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். மாவட்டத்தைப் பிரித்தபோது பிறந்த வீடு திருப்பதிக்கும் புகுந்த வீடு சித்தூருக்கும் போய்விட்டன. "எங்க மாமியார் வூட்டுக்கும் எனக்கும் பஞ்சாயத்துன்னா இனிமே ரெண்டு கலெக்டரு வரணும்" என்பது அவள் புருஷன் கோவர்த்தனன் விருந்தாளிகளுக்குச் சொல்கிற ஜோக். ரேணிகுண்டாவில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் அவனுக்கு ஸ்ப்ரே பெயின்ட் வேலை. டப்பா அடியில் மிச்சம் நிற்கிற பெயின்டை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வந்து கொடுப்பான். அவள் வரைந்த வானம் எல்லாம் ஒரு காலத்தில் டவுன் பஸ்ஸின் நீலத்திலேயே இருந்ததற்குக் காரணம் அதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ரப்பர்கூட கடனுக்குக் கேட்காத பெண். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் ஓசிப் பெயின்ட் வாசனை இல்லாத நாளில் தலை வலிக்கிறது என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கம். எந்த ஆளை வரைந்தாலும் காலிலிருந்துதான் ஆரம்பிப்பாள். பாதம், கணுக்கால், முட்டி என்று மேலே ஏறி, முகத்துக்குக் கடைசியாக வருவாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் முதலில் ஒரு வட்டம் போட்டு அதற்குக் கண் வைப்பார்கள். தாட்சாயணி டீச்சர் மட்டும் கரும்பலகையில் கட்டைவிரலைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள், வகுப்பே சிரிக்கும்.

போன வருஷம் திருப்பதியிலிருந்து கிரண்குமார் என்று ஒருவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். குடுபல்லிக்காரர், வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. நண்பர்களோடு சேர்ந்து திருப்பதியில் ஓவியக் கண்காட்சி நடத்துகிறவர். பள்ளி ஆண்டு விழாவில் அவளுடைய நான்கு படங்களைப் பார்த்த யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்து, காபி குடித்து, படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் யாரு மேடம்?"

அவர் யாராவது பெரிய ஓவியர் பெயரை எழுதத் தயாராக இருந்தார். தாட்சாயணி கொஞ்சமும் யோசிக்காமல், "மண்ணு ராஜா" என்றாள்.

பேனா அப்படியே நின்றது. அவள் விளக்கினாள். அவளுக்கு ஏழு வயசு. பிறந்த ஊரில் அம்மன் கோயில் அக்கினி வசந்தம், அதாவது தீமிதித் திருவிழா. பதினெட்டு நாள் பாரதக் கதை படித்து, கூத்து ஆடி, கடைசி நாள் போரில் விழுகிற ராஜாவை மண்ணாலேயே செய்து களத்தில் கிடத்துவார்கள். சாதாரண உருவம் இல்லை, மல்லாந்து படுத்தால் ஒரு தெரு நீளத்துக்கு இருப்பார். அன்றைக்குக் காலையில் ஊரே அங்கே கூடியிருந்தது. அவளைப் பெற்ற நைனா முனிசாமி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர், கூட்டத்தில் யாரோடோ பேச்சில் விட்டுவிட்டார். அவள் பெரியவர்களின் இடுப்புக்குள்ளே புகுந்து புகுந்து போய் வெளியே வந்த இடத்தில், அவளைவிட உயரமாக இரண்டு பாதங்கள் நின்றன. ராஜாவின் பாதங்கள். பத்து விரல், பத்து நகம், குதிகாலில் வெடிப்புகூடக் கீறியிருந்தார்கள். அவள் நின்ற இடத்திலிருந்து முகம் தெரியவே இல்லை. கிரீடமும் மீசையும் எங்கேயோ அந்தக் கோடியில். ஆனால் அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. யாருக்கும் பணியாமல் கடைசியில் கீழே விழுந்துவிட்ட ஒரு மனுஷனின் பிடிவாதம் முழுக்க அந்தக் கட்டைவிரலில் இருந்தது.

"எங்க வூட்டுக் காலண்டர்ல சாமிங்க காலெல்லாம் வழுவழுன்னு தாமரைப்பூ மேலயே இருக்கும் சார். தரையில நடந்த காலு இல்ல அது. மண்ணு ராஜா காலுதான் எனக்கு மனுஷக் காலு. அதப் பாத்தப்பறம்தான் எனக்கு மனுஷங்கள வரையணும்னு வந்துது."

கிரண்குமார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சுவரோரம் பாதி முடிந்து சாய்ந்திருந்த பெரிய படத்தைக் காட்டி, "இது முடிஞ்சா சொல்லுங்க மேடம், இத நான் வைக்கிறேன்" என்றார்.

அந்தப் படம் வள்ளியம்மாள்.

வள்ளியம்மாள் அடுத்த தெரு. கோவர்த்தனனுக்குத் தூரத்து உறவில் அத்தை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடலை பிடுங்குகிற கூட்டத்துக்குத் தலைவி. எந்த வயலில் என்றைக்கு எத்தனை பேர் இறங்குவது என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். ஒரு காலத்தில் ஊரான் நிலத்தில் மட்டுமே கடலை பிடுங்கியவள், இப்போது அதே கையால் சொந்தமாக ஒரு ஏக்கரில் போடுகிறாள். ஊரிலேயே அவள் ஒருத்திதான் தாட்சாயணி வரைகிறாள் என்று தெரிந்தும் புடவை மாற்றாதவள். "நீ பாட்டுக்கு வரைஞ்சிக்கினு இரு, நான் பாட்டுக்குக் காய் ஆஞ்சிக்கினு இருக்கறேன். எனக்கு உன்கிட்ட பல்ல காட்டிக்கினு உக்கார நேரமில்ல" என்று சொல்லிவிட்டாள். தாட்சாயணிக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டிருப்பாள், கையில் கரி இருந்ததால் விட்டாள்.

ஒரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலைகளும் பள்ளி விடுமுறைகளும் சேர்ந்து ஒரு வருஷம். கடலைச் செடிக் குவியலுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்து காய் ஆய்கிற வள்ளியம்மாள், ஆள் உயரத்துக்கு. பார்க்கிறவன் அவள் காலடியில் உட்கார்ந்திருப்பதுபோல முன்னால் பெரிதாக இரண்டு பாதங்கள். இடது கால் கட்டைவிரல் வெளிப்பக்கமாக ஒருக்களித்துத் திரும்பியிருக்கும். சின்ன வயதில் மண்வெட்டி பட்டு, கட்டுப் போடாமலேயே கூடிக்கொண்ட விரல். அதன் நகம் பாதிதான் உண்டு. அடுத்த விரலில் தேய்ந்துபோன வெள்ளி மெட்டி. செம்மண் ஏறிய குதிகால். அந்தக் கால்களுக்கே நான்கு மாதம் ஆனது. தாட்சாயணி தன் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக எதையும் வரைந்ததில்லை, அது அவளுக்கே தெரியும்.

முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கிரண்குமார் முடிந்த படத்தைப் போனில் பார்த்துவிட்டு, "முகம் சூப்பர் மேடம், அதுதான் படத்துக்கே உயிர்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, சனிக்கிழமை காலையில் வண்டி வரும், நகரி ஆசாரியிடம் ஃப்ரேம் போட்டு வார்னிஷ் அடித்து வைத்துவிடுங்கள் என்றார். அவளுடைய படம் பள்ளிச் சுவரைத் தாண்டி வெளியே போவது அதுதான் முதல் தடவை. தாட்சாயணி அன்றைக்கு மூன்று தடவை காலண்டரைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் விபரீதம் நடந்தது. இப்படிப்பட்ட விபரீதம் வேறு ஊரில் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவள் வார்னிஷ் அடித்தாள். வெயிலில் சீக்கிரம் காயட்டும் என்று ஃப்ரேமோடு தூக்கி வாசல் சுவரில் சாய்த்து வைத்தாள். கடலை அறுவடைக் காலம், பூச்சிக்குக் கேட்கவா வேண்டும்? ஈரமான வார்னிஷில் ஒட்டினால் ஒரு வருஷ உழைப்பு போச்சு. புகை இருந்தால் பூச்சி அண்டாது என்று ஊதுபத்தியை ஒரு கட்டாகவே கொளுத்தி, படத்துக்கு முன்னால் ஒரு வாழைப்பழத்தில் குத்தி வைத்தாள். மணி எட்டாகிவிட்டது, நகரி பஸ் ஹாரன் அடித்தது. ஓடினாள். கோவர்த்தனன் ஏழு மணிக்கே ரேணிகுண்டா போய்விட்டிருந்தான்.

எட்டே காலுக்கு மொபெட்டில் பூ விற்கிற வேணு வந்தான்.

அந்த ஊரில் உயிரோடு இருக்கிறவர்களின் படம் போனில் இருக்கும், ஆல்பத்தில் இருக்கும், மிஞ்சினால் பிறந்தநாள் பேனரில் இருக்கும். தனியாள் படம், அதுவும் இவ்வளவு பெரிதாக, ஃப்ரேம் போட்டு, முன்னால் ஊதுபத்தியும் வாழைப்பழமும் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீச்சர் வீட்டில் பெரிய பெரிய படங்கள் இருப்பது ஊருக்குத் தெரியும். ஆனால் அவை எல்லாம் ஃப்ரேம் இல்லாமல் உள் அறையில் சாய்ந்து கிடப்பவை. வேணு மொபெட்டை நிறுத்தினான். வள்ளியம்மாள் ஒரு வாரமாக ஊரில் இல்லை என்பது வேறு அவனுக்கு ஞாபகம் வந்தது. மகள் பிரியங்கா ரேணிகுண்டாவில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாள் என்று போயிருந்தாள். வேணுவுக்குத் தெரிந்தது போனது மட்டும்தான், பால் அல்ல. கூடையில் இருந்ததிலேயே பெரிய சாமந்தி மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டான், வாய்விட்டு அழுதான், ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தான். வேணுவிடம் பூ வாங்குகிற ஊர்கள் பதினொன்று.

ஒன்பதரைக்கெல்லாம் திருத்தணியிலிருந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். உடம்பு ரேணிகுண்டாவிலிருந்து வந்துவிடும் என்று பத்து மணிக்கு டீச்சர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி இறங்கியது, ஷாமியானா கட்டினார்கள். தாட்சாயணியின் போன் பள்ளிக்கூட பீரோவில் பைக்குள் சைலண்டில் கிடந்தது. வள்ளியம்மாளின் புருஷன் அப்பாவு வயலில் இருந்தார். அவரிடம் போன் இருந்தாலும் அது எப்போதும் அணைந்தே இருக்கும். யாரோ வயலுக்கே ஓடினார்கள். அந்த மனுஷன் சேற்றுக் கையோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். போய்ப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தக் கோணல் விரல்மேல் கையை வைத்தார். வாழ்நாள் முழுக்கப் பொண்டாட்டியிடம் 'சோறு போடு', 'தண்ணி வந்துச்சா' தவிர வேறெதுவும் பேசாதவர் என்று பெயர் எடுத்தவர். "என்ன வுட்டுட்டு எங்க போன வள்ளி? எனக்கு யாரத் தெரியும்?" என்று அழுதார். அங்கிருந்த பெண்கள் அதைக் கேட்டுவிட்டார்கள், இனி அது எந்தக் காலத்திலும் மறக்கப்படப்போவதில்லை.

இதற்கிடையில் ரேணிகுண்டாவில் பிரியங்காவின் போன் அடித்தது. பிரியங்கா குளித்துக்கொண்டிருந்தாள். வள்ளியம்மாளே எடுத்தாள். அந்தப் பக்கம் திருத்தணி நாத்தனார் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"பிரியங்கா... உங்கம்மா இப்டி பண்ணிட்டாளேடி..."

"இன்னா பண்ணிட்டேன்?" என்றாள் வள்ளியம்மாள்.

அந்தப் பக்கம் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

நடந்தது இன்னதென்று புரிய நாலு போன் ஆயிற்று. வள்ளியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு பஸ் ஏறினாள். மத்தியானம் ஒரு மணிக்கு அவள் ஊர் முனையில் இறங்கியபோது, அவளுடைய சாவுக்கு வந்திருந்த ஐம்பது அறுபது பேர் அவளை எதிர்கொண்டார்கள். சேதி முன்னாலேயே வந்துவிட்டதால் எல்லோரும் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். திருத்தணி நாத்தனார் மட்டும் பிணத்துக்குப் போர்த்தக் கொண்டுவந்த கோடிப் புடவையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நெளிந்தாள். இடைவேளையில் போனைப் பார்த்துவிட்டு, பள்ளியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்த தாட்சாயணி ஷாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாத நிலைமை.

வள்ளியம்மாள் சிரிக்கவில்லை. படத்துக்கு எதிரில் போய் நின்றாள். நெற்றியில் யாரோ வைத்த குங்குமம். கழுத்தில் மாலை. அந்தப் படத்தில் அவள் பளீரென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ணி வச்சிக்கீற?"

"அத்த, பூச்சி வரக்கூடாதுன்னுதான் ஊதுபத்தி..."

"என் மூஞ்சிக்கு மால போட்டுட்டாங்க. எங்கூட்டுக்காரு கைய வச்சி அழுதுட்டாரு. இனிமே இந்த மூஞ்சி எங்க தொங்குனாலும் செத்தவ மூஞ்சிதான். திருப்பதில வேற கொண்டுபோய் மாட்டப் போறியா? ஊரு உலகமெல்லாம் வந்து என்னப் பாத்து உச்சு கொட்டணுமா?" அவள் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு வந்தது கோபம் இல்லை, பயம் என்பது தாட்சாயணிக்கு அப்போதுதான் புரிந்தது. "நான் உசுரோட கீறன். அதுல என் மூஞ்சி இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

கிரண்குமாரிடம் போனில் சொன்னபோது அவர் பதறிவிட்டார். "முகம் லேகுண்டா எலா மேடம்? முகம் இல்லாம எப்படி? ஆளை வரையற படத்துல ஆளோட முகம்தானே எல்லாம்? அதப் பாத்துதானே நான் ஓகே சொன்னேன்?" பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "சனிக்கிழமை வண்டி வரும். படத்த நேர்ல பாக்கறேன். சரியில்லன்னா அந்தச் சுவர வேற ஒருத்தருக்குக் கொடுத்துருவேன், தப்பா நினைக்காதீங்க" என்றார்.

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. பேசாமல் அப்படியே வண்டியில் ஏற்றிவிடலாம். வள்ளியம்மாள் திருப்பதி வரைக்கும் வந்து பார்க்கப் போகிறாளா என்ன? கோவர்த்தனன்கூட அதைத்தான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "அவங்க மூஞ்சி, அவங்க சொன்னா சொன்னதுதான்" என்றாள் தாட்சாயணி. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். ஒரு வருஷம் ஆயிற்றே.

புதன்கிழமை காலையில் கோவர்த்தனன் லீவு போட்டான். பஸ்ஸில் கண்ணாடிக்குப் பெயின்ட் படாமல் பேப்பர் ஒட்டி மறைப்பதுபோல, படம் முழுக்க தினசரித்தாளை டேப்பால் ஒட்டி, முகத்தை மட்டும் திறந்து விட்டான். டர்பன்டைன் நனைத்த துணியும் பட்டித் தகடும் அவள் கையில். சிரிக்கிற வாயை முதலில் சுரண்டினாள், அதைப் பார்த்துக்கொண்டே மற்றதைச் சுரண்ட அவளால் முடியாது. பத்து மணிக்கு அங்கே ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் போடுகிற வட்டம் மாதிரி, கண்ணில்லாமல்.

இனி அங்கே என்ன வைப்பது? பழைய நோட்டுகளை எடுத்து வந்து தரையில் பரப்பினாள். வள்ளியம்மாளை அந்த ஒரு வருஷத்தில் வரைந்த நூற்றுக்கு மேற்பட்ட பென்சில் படங்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பாதி புரட்டியதும் கை நின்றது. திரும்ப முதலிலிருந்து புரட்டினாள். ஒரு படத்தில்கூட வள்ளியம்மாளின் முகம் முழுசாக இல்லை. எல்லாவற்றிலும் அவள் குனிந்திருந்தாள். தலையில் துண்டு, வெயிலுக்கு முன்னால் இழுத்து விட்டது. துண்டுக்குக் கீழே தாடை நுனி. அதற்குக் கீழே காயைத் தேடுகிற கை.

அப்படியென்றால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? அவளுக்கு ஞாபகம் வந்தது. பிரியங்கா கல்யாணத்தில் எடுத்த போட்டோ. பவுடர் போட்டு, பட்டுக் கட்டி, போட்டோகிராபர் சொன்னதற்காகச் சிரித்த சிரிப்பு. கடைசியில் முகத்துக்கு வந்தபோது அவசரத்தில் போனைத் திறந்து அதைப் பார்த்து வரைந்திருக்கிறாள். கூலிங் கிளாஸ் போட்டு வந்த சீனுவை ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்தவள், தானே போய் வள்ளியம்மாளுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி விட்டிருக்கிறாள்.

தாட்சாயணி தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சமையல் அறையிலிருந்து எட்டிப் பார்த்த கோவர்த்தனன், பெண்டாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோனான். "ஒண்ணும் இல்ல. அந்த சீக்கிரம் காயற பெயின்ட் இருக்குதா?" என்று கேட்டாள்.

இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் துண்டு வந்தது. பழைய சிவப்பு, நடுவில் வெளுத்தது, முன்னால் இழுத்து விட்டது. அதற்குக் கீழே தாடை நுனி. அவ்வளவுதான். பேப்பரைப் பிரித்து எடுத்து எட்டி நின்று பார்த்தாள். இத்தனை நாளும் அந்தச் சிரிப்பு பார்க்கிறவனைப் பிடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது. இப்போது கண் துண்டில் இறங்கி, கை வழியாக, முட்டி வழியாக, நேராகக் காலுக்கு வந்து நின்றது. மண்ணு ராஜாவின் காலடியில் ஏழு வயதில் நின்ற இடத்தில் அவள் திரும்பவும் நின்றாள். படத்தின் கீழ் ஓரத்தில், கோணல் விரலை ஒட்டி, வார்னிஷில் பதிந்து காய்ந்துபோன ஒரு செம்மண் கைரேகையும் இருந்தது. அப்பாவுவின் கை. எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதால் அவள் அதை எடுக்கவில்லை.

சனிக்கிழமை வண்டியோடு வந்த கிரண்குமார் படத்தைத் துண்டிலிருந்து காலடி வரைக்கும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு, "ஏத்துங்கப்பா, ஜாக்கிரதை" என்று மட்டும் சொன்னார். தாட்சாயணியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அந்தப் படம்தான். ஊரிலிருந்து ஒரு வேன் வந்தது. சீனு, பத்மாவதி, வேணு, இன்னும் பத்துப் பேர், அப்படியே மலைக்கும் போய்வந்துவிடலாம் என்ற கணக்கில் கிளம்பியவர்கள். கடைசியாக இறங்கியது அப்பாவு. அவருக்குப் பின்னால் வள்ளியம்மாள், பட்டுப் புடவையில். ஐந்து நாளாகத் தாட்சாயணியிடம் பேசாதவள். "என் மூஞ்சி இருக்குதான்னு பாக்கத்தான் வந்தேன்" என்று யாரும் கேட்காமலே பத்மாவதியிடம் சொன்னாள்.

உள்ளே வந்ததும் ஊர்க்காரர்கள் நின்றுவிட்டார்கள். முதலில் வாயைத் திறந்தது, ஊரிலேயே பேசாத அப்பாவு. "வள்ளி" என்றார், அவ்வளவுதான். உடனே சீனுவும் பத்மாவதியும், "ஆமா, அத்தைதான், அந்த வெரலப் பாரு, அந்த மெட்டியப் பாரு" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.  முகத்தை எடுத்தும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்றே, மறுபடியும் கோபம் வரப்போகிறதே என்று தாட்சாயணி வள்ளியம்மாளைப் பார்த்தாள். வள்ளியம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்துக்கு முன்னால் திருப்பதிப் பெண்கள் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆ காள்ளு சூடு" என்றாள் ஒருத்தி, அந்தக் காலைப் பாரேன் என்று. இப்படி ஒரு கால் நிஜத்தில் இருக்குமா, அந்த விரல் ஓவியரின் கற்பனையாகத்தான் இருக்கும், இல்லையென்றால் இந்த அம்மா இப்போது உயிரோடு இருக்கிறார்களோ என்னவோ என்றாள் மற்றவள்.

வள்ளியம்மாளுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். இடது கால் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். பட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, படத்துப் பாதத்துக்கு நேராகத் தன் பாதத்தைத் தரையில் நீட்டி வைத்தாள். அதே ஒருக்களித்த விரல், அதே பாதி நகம், அதே தேய்ந்த மெட்டி. இரண்டு பெண்களும் படத்தைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். அப்பாவு தலையைக் குனிந்துகொண்டு தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"நேனே அம்மா" என்றாள் வள்ளியம்மாள் அவர்களிடம், நான்தான் அது என்று. பிறகு தாட்சாயணி பக்கம் திரும்பினாள். "ஏண்டி, கால இவ்ளோ நல்லா போட்ட, மூஞ்சிய மட்டும் இன்னாத்துக்குடி மறச்சிட்ட?"

"நீதான அத்த சொன்ன!"

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். நீ டீச்சரு, உனக்குப் புத்தி வாணாம்?" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள், போட்டோகிராபர் யாரும் சொல்லாமலே. கிரண்குமார் தொடங்கி அங்கிருந்த எல்லோரும் போனைத் தூக்கிவிட்டார்கள். வள்ளியம்மாள் காலை எடுக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் ஒளிந்து நின்ற வேணுவைத் தேடிப் பிடித்து, அவனை முன்னால் வரச் சொன்னாள்.

"டேய் வேணு, போட்டோ எடுக்காத, வீடியோவா எடு. உன் ஸ்டேட்டஸ்ல போடு" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோணல் கட்டைவிரலை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். "செத்தவளுக்கு வெரலு இப்டி ஆடுமாடா?"